கீசரும் வீட்டுக் காப்புறுதியும்: திருகோணமலையில் முதல் தடவை பொலிசி எடுப்பவர்களுக்கு

வீட்டுக் காப்புறுதி எடுத்தாயிற்று, இனிக் குளியலறையில் தண்ணீர் சூடாக்கும் கீசர் வெடித்துச் சீலிங் விழுந்தாலும் கொம்பனி பார்த்துக்கொள்ளும் என்றுதான் முதல் தடவை பொலிசி எடுக்கிற பலரும் நினைக்கிறார்கள். கொம்பனி பார்க்கும், ஆனால் முழுத் தொகையையும் தராது. ஒவ்வொரு இழப்பிலும் முதல் பகுதியை நீங்கள்தான் ஏற்க வேண்டும், அதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். தீக்கு ஒரு எக்ஸஸ், புயலுக்கு இன்னொன்று, தண்ணீர்ச் சேதத்துக்கு வேறொன்று என்று ஒரே பொலிசிக்குள் பல இருக்கலாம். போதாததற்கு, கீசரையும் பைப்பையும் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று தெரிந்தால் அந்தத் தொகை கூடவோ, கிளெய்ம் முழுவதுமே போகவோ இடம் வைத்து எழுதப்பட்ட நிபந்தனைகளும் உண்டு.

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், இந்த மூன்று வகையினரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பொலிசியை முழுதாகக் கையில் எடுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒன்றிரண்டு பக்கத்து அட்டவணை மட்டும்தான்: பெயர், விலாசம், காப்புறுதித் தொகை, கட்டுப்பணம் (பிரிமியம்), அவ்வளவுதான். நிபந்தனைகளும் விலக்குகளும் உள்ள பெரிய புத்தகம் தனியாக இருக்கும், கேட்டால்தான் தருவார்கள். வங்கிக் கடன் வீடு என்றால் அந்த அட்டவணைகூட உங்களிடம் இருக்காது, வங்கியின் கோப்பில் இருக்கும். வங்கிக்குப் போய்ப் பிரதி கேளுங்கள், கட்டுப்பணம் கட்டுவது நீங்கள், கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. வங்கிக்காக எடுத்த பொலிசி பல நேரம் தீக்கும் ஒரு சில அபாயங்களுக்கும் மட்டும்தான் பாதுகாப்புத் தரும். கீசர் உடைந்து வரும் தண்ணீர் அதற்குள் வராமலே இருக்கலாம்.

நீங்கள் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்: தண்ணீர்த் தாங்கிகள், சாதனங்கள், குழாய்கள் வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல். அடிப்படைத் தீப் பொலிசியோடு மேலதிகமாகச் சேர்க்கிற பாதுகாப்பு இது. அட்டவணையில் இதற்கு நேரே ஒன்றும் இல்லை என்றால் எக்ஸஸைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை, முதலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர் சொல்வதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். பிரித்தானியாவில் பைப், தாங்கி உடைந்து வரும் தண்ணீருக்குப் பொது எக்ஸஸைவிடக் கூடிய தனி எக்ஸஸ் போடுவது சாதாரணம். கனடாவில் பல கொம்பனிகள் பொலிசி தருவதற்கு முன்பே ஹீட்டர் எத்தனை வருடம் பழையது என்று கேட்கும். இங்கே உங்கள் பொலிசியில் அச்சிட்டிருப்பது எதுவோ அதுதான் கணக்கு.

எக்ஸஸ் கணக்கு எப்படி ஓடும்

ஒரு உதாரணத்துக்கு, தண்ணீர்ச் சேதத்துக்கு எக்ஸஸ் இழப்பின் 10 சதவீதம், குறைந்தது 25,000 ரூபா என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீசர் ஒழுகி 1,80,000 ரூபாவுக்குச் சேதம் என்றால் 10 சதவீதம் 18,000தான் வரும், அது குறைந்த தொகையைத் தொடவில்லை, எனவே 25,000 கழித்து 1,55,000 கிடைக்கும். சேதம் 4 இலட்சம் என்றால் 40,000 கழியும். இதே பொலிசியில் பராமரிப்புப் பதிவு இல்லாவிட்டால் எக்ஸஸ் 25 சதவீதம் என்று ஒரு வரி இருந்தால் 4 இலட்சத்தில் 1 இலட்சம் உங்கள் தலையில். ஒரு கீசரை வருடா வருடம் சேர்விஸ் செய்யும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, ஏஜென்ட் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. திரும்பக் கட்ட 1 கோடி 60 இலட்சம் ஆகும் வீட்டை, கட்டுப்பணம் குறையட்டும் என்று 80 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சராசரி நிபந்தனை (குறைத்துக் காப்புறுதி செய்த அளவுக்கு நட்ட ஈட்டையும் குறைக்கும் விதி) உள்ள பொலிசியில் எந்தச் சேதத்துக்கும் பாதிதான் கணக்கில் எடுப்பார்கள். 4 இலட்சம் சேதம் 2 இலட்சமாகி, அதற்கு மேல்தான் எக்ஸஸும் கழியும். மேலே சொன்ன கணக்கின்படி 2 இலட்சத்தின் 10 சதவீதம் 20,000தான், எனவே குறைந்த தொகையான 25,000 கழித்துக் கையில் வருவது 1,75,000. விலைவாசி ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே பொலிசியைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

கட்டுப்பணத்தைக் குறைக்க எக்ஸஸை நீங்களாகவே கூட்டிக்கொள்ளலாம் என்று சில கொம்பனிகள் சொல்லும். கீசர் பழையது என்றால் அதற்குச் சம்மதிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

திடீரென்று உடைந்ததா, மெல்ல மெல்ல இற்றதா

கீசர் கிளெய்மில் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. தேய்மானம், துரு, அரிப்பு, மெல்ல மெல்ல ஏற்பட்ட கசிவு, இவற்றை வீட்டுப் பொலிசிகள் வழக்கமாக விலக்கிவிடும். திடீரென்று, எதிர்பாராமல் நடந்ததற்குத்தான் பாதுகாப்புத் தரும். கொம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்ததும் சுவரில் பழைய மஞ்சள் கறை இருக்கிறதா, கீசரின் அடிப்பாகத்தில் துரு வழிந்த தடம் இருக்கிறதா, போல்ட் இற்றிருக்கிறதா என்று பார்ப்பார். பல மாதமாக ஒழுகியிருக்கிறது என்று அறிக்கை எழுதினால் பிறகு அதை மாற்றுவது கடினம்.

வழக்கமாக இன்னொரு பிரிவும் உண்டு. உடைந்த கீசருக்குப் புதுக் கீசர் கிடைக்காது, அது கொட்டிய தண்ணீரால் பழுதான சீலிங், அலுமாரி, தரை, வயரிங் இவற்றுக்குத்தான் நட்ட ஈடு. மின்சாரப் பக்கமும் இதே மாதிரிதான்: உள்ளே ஷோர்ட் ஆகிக் கீசர் கருகினால் அந்தக் கீசருக்குப் பணம் இல்லை, அதிலிருந்து தீ பரவி மற்றப் பொருள்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. கீசருக்கும் சேர்த்து மின்சாரச் சேதத்துக்கான மேலதிகப் பாதுகாப்பு ஒன்றைக் கூடுதல் கட்டுப்பணத்துக்குத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நிபந்தனைகள் பகுதியில் நியாயமான கவனம் எடுக்க வேண்டும், நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற வரிகள் இருக்கும். இதற்கு என்ன ஆதாரம் கேட்பீர்கள் என்று கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ வாட்ஸப்போ போதும், வாயால் சொன்னது மட்டும் வேண்டாம். மூன்று கேள்விகள் போதுமானவை: கீசருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் எதிர்பார்க்கிறீர்கள், யார் செய்தால் ஏற்றுக்கொள்வீர்கள், செய்யாவிட்டால் எக்ஸஸ் கூடுமா அல்லது கிளெய்மே இல்லையா.

நம் ஊர்த் தண்ணீரும் கீசரும்

கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் ஓரளவு பரவாயில்லை. நிலாவெளி, இறக்கக்கண்டி, சாம்பல்தீவுப் பக்கம் கடலோர மணலில் தோண்டிய கிணறு என்றால் கதை வேறு. கச்சான் காற்று வீசும் காலத்தில் மழையில்லாமல் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறும். அந்தத் தண்ணீரைத் தினமும் சூடாக்கினால் படிவு கட்டும், இரும்பு சீக்கிரம் அரிக்கும். கடையில் கீசரோடு வரும் கையேட்டில் உள்ள சேர்விஸ் காலக்கெடு நல்ல தண்ணீருக்கு எழுதியது, கடலோரக் கிணற்றுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கி உள்ள கீசரில் பராமரிக்க வேண்டியவற்றில் முக்கியமானது அனோட் கம்பி. மக்னீசியத்தால் செய்த இந்தக் கம்பி தாங்கிக்குள் தொங்கிக்கொண்டு தாங்கிக்குப் பதிலாகத் தானே அரிந்து போகும். கம்பி முடிந்த பிறகு அரிப்பு தாங்கியின் இரும்பைப் பிடிக்கும், பிறகு வெடிப்புக்கு நாள் எண்ண வேண்டியதுதான். நல்ல தண்ணீரில் மூன்று முதல் ஐந்து வருடம் தாக்குப் பிடிக்கிற கம்பி உவர்த் தண்ணீரில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும், எனவே வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அரிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கீசருக்குள் இப்படி ஒரு கம்பி இருப்பதே பல வீடுகளில் தெரியாது, ஆனால் தாங்கி எவ்வளவு காலம் இருக்கும் என்பதை வேறு எதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்தது சேஃப்டி வால்வு. 50 லீட்டர் தண்ணீர் 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியஸுக்குச் சூடாகும்போது அரை லீட்டருக்கு மேல் பெருகும். அந்தப் பெருக்கம் போக வழி வேண்டும். அதனால்தான் சூடாகும்போது அந்த வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. பாத்ரூம் நனைகிறது என்று அதை அடைத்து வைக்கிற வேலையை யாரும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள், அழுத்தம் ஏறிய தாங்கி வெடித்தால் ஆளையே கொல்லும். சொட்டுகிற தண்ணீரை ஒரு சிறிய குழாய் வைத்து வெளியே விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் நெம்புகோலை மெல்ல உயர்த்தித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், உள்ளே கொதிநீர் இருக்கும், கை கவனம். உப்புப் படிந்து இறுகியிருந்தால் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் புது வால்வு போடுங்கள். வெப்ப அளவை 60 பாகையில் வைத்தால் போதும், அதற்கு மேலே போனால் படிவும் கூடும், குழந்தைகள் உள்ள வீட்டில் கையும் வெந்து போகும்.

அடிவண்டலை வருடத்துக்கு ஒருமுறை கழுவி வெளியேற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் என்றால் இரண்டு முறை. கரண்டை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு செய்கிற வேலை. மறுபடி கரண்ட் போடும் முன் தாங்கி நிரம்பியிருக்கிறதா என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், வெறும் தாங்கியில் கரண்ட் போனால் சூடாக்கும் கம்பி எரிந்துவிடும்.

மின்சாரப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். உடனே சூடாக்கித் தரும் 4.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் 20 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும், அதை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீசியனைக் கொண்டு பார்க்கச் சொல்லி, பார்த்ததை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். தீ கிளெய்ம் வந்தால் அந்தத் துண்டு பெறுமதியானது.

சுவர் போல்ட்டையும் பாருங்கள். 50 லீட்டர் தாங்கி நிரம்பினால் தண்ணீரின் எடையே 50 கிலோ, கடல் காற்றில் அந்தப் போல்ட் சத்தமில்லாமல் இற்றுக்கொண்டிருக்கும்.

கூரையில் சோலார் ஹீட்டர் வைத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. அப்படி ஒரு காற்றில் தாங்கியோ கண்ணாடிக் குழாயோ விழுந்து உடைந்தால் அது தண்ணீர்ச் சேத எக்ஸஸின் கீழ் வருமா, இயற்கை அனர்த்த எக்ஸஸின் கீழ் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள், இரண்டும் ஒரே தொகையாக இராது. சோலார் ஹீட்டரைக் கட்டடத்தின் பகுதியாகச் சேர்த்து எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகப் பொருத்தியிருந்தால் கொம்பனிக்கு அறிவித்துப் பதில் வாங்கி வையுங்கள்.

ஒரு கோப்பு போடுங்கள்

கீசர் வாங்கிய பில், பொருத்திய திகதி, பின்பக்கத்து இலக்கத் தகட்டின் படம், ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு பில். பில்லில் கீசர் சேர்விஸ் என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அனோட் பார்த்தேன், மாற்றினேன், வால்வு சோதித்தேன், வண்டல் கழுவினேன் என்று செய்த வேலையை எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் வாங்குங்கள். நம் ஊரில் பைப் வேலை செய்கிற பலர் பில் புத்தகம் வைத்திருப்பதில்லை, ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தாலும் ஒன்றுமே இல்லாததைவிட நல்லது. கழற்றிய பழைய கம்பியையும் வால்வையும் படம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிட்டால் திகதியும் பதிவாகிவிடும், மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் கோப்பும் போகாது.

சேதம் நடந்த பிறகு பழைய திகதியில் பில் எழுதித் தர ஆள் இருக்கும். வேண்டாம். அது மோசடி, பிடிபட்டால் எக்ஸஸ் கூடுவதோடு நிற்காது, நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணமும் சேர்ந்து போய்விடும். பதிவு இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள், இன்றிலிருந்து தொடங்குங்கள்.

கீசருக்கு எட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதென்றால், பொலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் வயதைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புதியது என்று எழுதிவிட்டுப் பிறகு இலக்கத் தகட்டில் வருடம் தெரிந்தால் முழுப் பொலிசியையுமே கேள்வி கேட்பார்கள்.

பூட்டிய வீடும் வாடகை அறையும்

வீடு தொடர்ந்து குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் அல்லது குறையும் என்ற நிபந்தனை பல பொலிசிகளில் உண்டு, 30 நாள் என்பதை அடிக்கடி பார்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய பொறி. நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துபவர்களுக்கும் அப்படித்தான்: மே முதல் செப்டெம்பர் வரை கூட்டம், நவம்பரில் பூட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள், புயலும் மழையும் மின்வெட்டும் வருவது அந்த மாதங்களில்தான். போகும் முன் கீசரின் கரண்டை நிறுத்தி, கீசருக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடி, முடிந்தால் தாங்கியை வெறுமையாக்குங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொந்தத்தில் ஒருவரிடமோ கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டைக் கொம்பனிக்கும் எழுதி, அதை ஏற்கிறீர்களா என்று கேளுங்கள்.

அறை வாடகைக்கு விடுவதைச் சொல்லாமல் வெறும் வீடு என்று பொலிசி எடுத்திருந்தால், கீசரை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் கிளெய்மில் சிக்கல் வரும். வியாபாரப் பாவனை என்று சொல்லுங்கள், கட்டுப்பணம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

உடைந்த அன்று

முதலில் மெயின் சுவிட்ச், அப்புறம் தண்ணீர் வால்வு. தரை நனைந்திருக்கும்போது கீசர் சுவிட்சைத் தொடாதீர்கள். துடைக்கும் முன் படமும் வீடியோவும் எடுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த உயரம் வரை நின்றது, என்னென்ன நனைந்தது. அன்றைக்கே கொம்பனிக்குச் சொல்லி, குறிப்பு இலக்கம் வாங்குங்கள். சேதம் பெருகாமல் தடுக்கிற அவசர வேலைகளைச் செய்யலாம், செய்ய வேண்டும், ஆனால் உடைந்த கீசரையும் வால்வையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், மதிப்பீட்டாளர் பார்த்து முடியும் வரை ஒரு மூலையில் கிடக்கட்டும். திருத்த வருபவரிடம் எதனால் உடைந்தது என்று எழுதி வாங்குங்கள், அவர் கண்டதைத்தான் எழுத வேண்டும். சேதம் எக்ஸஸ் தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட என்றால் கிளெய்ம் போடாமலே விடுவதும் உண்டு, கிளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கழிவு தருகிற பொலிசியில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கழித்தது சரியில்லை என்று பட்டால்

எந்த நிபந்தனையின் கீழ் இவ்வளவு கழித்தீர்கள் என்று பந்தி இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதுங்கள், சேர்விஸ் பில்களின் பிரதியையும் படங்களையும் இணையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், முறைப்பாட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் முதலில் கொம்பனியிடம் முறையிட்டிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கடிதத்தில் கோபத்தைக் கொட்டாமல் திகதி வரிசையில் எழுதுங்கள்: எப்போது பொருத்தியது, எப்போதெல்லாம் சேர்விஸ், எப்போது உடைந்தது, எப்போது அறிவித்தேன், எவ்வளவு கழித்தார்கள். அசல் பில்களை அனுப்பிவிடாதீர்கள், பிரதி மட்டும் போகட்டும்.